செல் உயிரியலைப் பட்டியலாகப் படிக்காதீர்கள், இன்சுலினைப் பின்தொடருங்கள்

செல் உயிரியல் பாடப்புத்தகத்தைத் திறந்தால் பெரும்பாலும் ஒரே வரிசைதான். செல் சவ்வு, உட்கரு, மைட்டோகாண்ட்ரியா, ரைபோசோம், கோல்கை உறுப்பு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு படமும் இரண்டு வரிப் பணியும் இருக்கும், அப்புறம் பல பக்கங்கள் தள்ளி டி.என்.ஏ., படியெடுத்தல் (டி.என்.ஏ.வைப் பார்த்து ஆர்.என்.ஏ. எழுதுவது), மொழிபெயர்த்தல் (அந்த ஆர்.என்.ஏ.வைப் படித்துப் புரதம் கட்டுவது) எல்லாம் தனிப் பாடமாக வரும். படிக்கிறவருக்கு இவை இரண்டும் இரண்டு வேறு உலகங்கள் மாதிரித் தெரியும். "ரைபோசோம்: புரதச் சேர்க்கை" என்று ஒரு மதிப்பெண் பதில் வாயில் தயாராக இருக்கும், ஆனால் கோல்கை உறுப்பு வேலை செய்யாவிட்டால் ஒரு செல்லில் என்ன நடக்கும் என்று கேட்டால் பேனா அப்படியே நின்றுவிடும்.

இதற்கு ஒரு மாற்று வழி உண்டு. ஒரே ஒரு புரதத்தை எடுத்துக்கொள்ளுங்கள், அது மரபணுவாக இருக்கும் இடத்திலிருந்து வேலை செய்யும் இடம் வரை கூடவே போங்கள். வழியில் எந்த உறுப்பு வருகிறதோ அதை அங்கேயே படியுங்கள். இதற்கு இன்சுலினைவிடப் பொருத்தமான புரதம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. சின்னது, செல்லின் பெரும்பாலான பகுதிகளைத் தொட்டுக்கொண்டு போகிறது, ஒவ்வொரு படியிலும் என்ன நடக்கிறது என்பது நன்றாகத் தெரிந்த விஷயம்.

போகும் வழியில் ஒவ்வொரு படியிலும் நான்கு கேள்விகளைக் கேட்டுக்கொண்டே போக வேண்டும். இப்போது இது செல்லில் எங்கே இருக்கிறது? எதைப் பார்த்து எது உருவாகிறது? இதற்கு ஆற்றல் எங்கிருந்து வருகிறது? இந்தப் படி நின்றுபோனால் எது குவியும், எது கிடைக்காமல் போகும்? நான்காவது கேள்விதான் உண்மையில் உங்களைப் படிக்க வைக்கும், மற்ற மூன்றும் அதற்கான தயாரிப்பு.

முதலில் அளவைச் சரிசெய்யுங்கள்

புத்தகப் படங்களில் ரைபோசோம் ஒரு புள்ளியாகவும் மைட்டோகாண்ட்ரியா ஒரு விரல் அளவிலும் இருக்கும், டி.என்.ஏ. ஏணி மட்டும் பக்கம் முழுக்க நிற்கும். இந்தப் படங்களை மட்டும் பார்த்தே பல வருடம் ஓட்டியவர்களுக்கு எது எதற்குள் அடங்கும் என்பதே குழம்பிப்போகிறது. அதனால் ஒரு தாளில் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

20 மைக்ரோமீட்டர் அகலமுள்ள ஒரு விலங்கு செல்லை 50,000 மடங்கு பெரிதாக்கினால் 1 மீட்டர் வரும். அதே மடங்கில் 6 மைக்ரோமீட்டர் உட்கரு 30 செ.மீ. உருண்டையாகும். 2 மைக்ரோமீட்டர் நீளமுள்ள பாக்டீரியா 10 செ.மீ. இருக்கும். மைட்டோகாண்ட்ரியாவின் தடிமன் இரண்டரை முதல் ஐந்து செ.மீ. வரும். 25 நானோமீட்டர் ரைபோசோம் ஒன்றேகால் மில்லிமீட்டர்தான், சவ்வின் தடிமன் அரை மில்லிமீட்டர்கூட வராது. இனி டி.என்.ஏ.வுக்கு வருவோம். அதன் அகலம் 2 நானோமீட்டர், ஆக இங்கே 0.1 மில்லிமீட்டர் நூல். ஒரு மனித செல்லில் உள்ள மொத்த டி.என்.ஏ.வையும் நீட்டினால் சுமார் 2 மீட்டர், 50,000 மடங்கில் அது 100 கிலோமீட்டர்.

100 கிலோமீட்டர் நூல் 30 செ.மீ. உருண்டைக்குள். இடமே போதாது என்று தோன்றும், ஆனால் கனஅளவைக் கணக்குப் போட்டால் அந்த நூல் மொத்தமும் ஒரு லிட்டருக்கும் குறைவு, உருண்டைக்குள் சுமார் 14 லிட்டர் இடம் இருக்கிறது. இடப் பற்றாக்குறை இங்கே பிரச்சினையே கிடையாது. சிக்கலாகாமல் வைத்திருப்பதும், வேண்டிய நேரத்தில் வேண்டிய பகுதியை மட்டும் திறந்து படிப்பதும்தான் கஷ்டம். ஹிஸ்டோன் புரதங்கள் எதற்கு என்பதற்கு இதுவே பதில்: எட்டு ஹிஸ்டோன்கள் சேர்ந்த ஒரு கட்டையைச் சுற்றி சுமார் 147 கார இணைகள் (டி.என்.ஏ. ஏணியின் படிகள்) சுற்றிக்கொண்டிருக்கின்றன, நியூக்ளியோசோம் என்பது அதுதான்.

இதே இடத்தில் நுண்ணோக்கியின் எல்லையையும் மனதில் போட்டுக்கொள்ளுங்கள். சாதாரண ஒளி நுண்ணோக்கியில் சுமார் 200 நானோமீட்டருக்குக் குறைவாக இடைவெளி உள்ள இரண்டு புள்ளிகள் ஒன்றாகவே தெரியும். அதனால் வெங்காயத் தோலை அயோடின் போட்டுப் பார்த்தால் செல்சுவரும் உட்கருவும் தெரியும், ரைபோசோம் தெரியவே தெரியாது. செய்முறை ஏட்டில் எண்டோபிளாச வலைப்பின்னலை (செல்லுக்குள் பரவியிருக்கும் சவ்வு வலையை) வரைந்துவைக்கிறவர்கள் பார்த்ததை வரையவில்லை, புத்தகத்தை வரைகிறார்கள். வெங்காயத் தோலில் பசுங்கணிகமும் இருக்காது, தாவர செல் என்ற ஒரே காரணத்துக்காக அதைப் பச்சையில் வரைந்து வைக்க வேண்டாம்.

பேனா எடுங்கள்: மரபணுவிலிருந்து தொடக்கம்

மனித இன்சுலின் மரபணு 11ஆம் குரோமோசோமில் இருக்கிறது. உங்கள் தோல் செல்லிலும் நரம்பு செல்லிலும் அதே மரபணு இருக்கிறது, ஆனால் கணையத்தின் பீட்டா செல்கள்தான் அதைப் படித்து உடலுக்கு வேண்டிய இன்சுலினைச் செய்கின்றன. செல்லுக்குச் செல் வேறுபாடு வருவது பெரும்பாலும் எந்த மரபணு இருக்கிறது என்பதால் இல்லை, எது படிக்கப்படுகிறது என்பதால்தான். இந்த ஒரு வரி புரியாமல் மரபணு ஒழுங்குபாடு என்ற பாடத்துக்குள் போகாதீர்கள், அங்கே வரும் ஊக்கி (படியெடுத்தலைத் தொடங்கிவைக்கும் டி.என்.ஏ. பகுதி), படியெடுத்தல் காரணிகள் (அதைக் கட்டுப்படுத்தும் புரதங்கள்) எல்லாம் எதற்காக என்றே தெரியாது.

சரி, இந்த மரபணுவில் புரதத்தைக் குறிக்கும் பகுதியின் முதல் 18 எழுத்துகளைத் தாளில் எழுதுங்கள். ஏ, டி, ஜி, சி என்பவை டி.என்.ஏ.வின் நான்கு காரங்களுக்கான எழுத்துகள், ஒரு இழையின் இரண்டு முனைகளுக்கு 5', 3' என்று பெயர். 5' முனை இடது பக்கம் இருக்கட்டும்:

ஏடிஜி – ஜிசிசி – சிடிஜி – டிஜிஜி – ஏடிஜி – சிஜிசி

இது குறியீட்டு இழை. இதன் கீழே எதிர் இழையை எழுதுங்கள். ஏவுக்கு டி, ஜிக்கு சி:

டிஏசி – சிஜிஜி – ஜிஏசி – ஏசிசி – டிஏசி – ஜிசிஜி

இந்த இரண்டாவது இழையின் இடது முனை 3' என்று மறக்காமல் குறித்துவிடுங்கள். இதுதான் வார்ப்பு இழை, ஆர்.என்.ஏ. பாலிமரேஸ் என்ற நொதி இதை 3' முனையிலிருந்து 5' முனை நோக்கிப் படித்துக்கொண்டே போகிறது, தூது ஆர்.என்.ஏ.வை 5' முனையிலிருந்து 3' முனை நோக்கிக் கட்டுகிறது. எழுதி முடித்ததும் கவனியுங்கள்: தூது ஆர்.என்.ஏ. முதல் வரியைப் போலவே இருக்கிறது, டி இருந்த இடத்தில் யூ வந்திருக்கிறது, அவ்வளவுதான். தேர்வில் குறியீட்டு இழையைக் கொடுத்தார்களா வார்ப்பு இழையைக் கொடுத்தார்களா என்று பார்க்காமல் கண்ணை மூடிக்கொண்டு எதிர் எழுத்து போடுகிறவர்கள்தான் அதிகம், மதிப்பெண் போவதும் இங்கேதான். கேள்வியைப் படித்ததும் முனைகளின் எண்களைப் பாருங்கள், அப்புறம் எழுதத் தொடங்குங்கள்.

அப்புறம் கோடான் அட்டவணையை எடுங்கள். கோடான் என்பது மூன்று எழுத்துத் தொகுதி, எந்தக் கோடானுக்கு எந்த அமினோ அமிலம் (புரதத்தைக் கட்டும் அலகு) என்று அட்டவணை சொல்லும். அட்டவணை வார்ப்பு இழைக்கோ, அமினோ அமிலத்தைச் சுமந்துவரும் டி.ஆர்.என்.ஏ.வின் எதிர்க்கோடானுக்கோ (கோடானோடு பொருந்தும் மூன்று எழுத்துகளுக்கோ) உரியது இல்லை, தூது ஆர்.என்.ஏ.வுக்கு உரியது. ஏயூஜி மெத்தியோனின், ஜிசிசி அலனின், சியூஜி லியூசின், யூஜிஜி டிரிப்டோபான், மறுபடி மெத்தியோனின், சிஜிசி ஆர்ஜினின். மனிதரில் உருவாகும் இன்சுலின் சங்கிலியின் உண்மையான முதல் ஆறு அமினோ அமிலங்கள் இவையே. 64 கோடான்களையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. தொடக்கம் ஏயூஜி, நிறுத்தம் யூஏஏ, யூஏஜி, யூஜிஏ, இந்த நான்கு போதும், மிச்சத்துக்கு அட்டவணை இருக்கிறது.

இப்போது அதை உடையுங்கள்

சடுதி மாற்றங்களை வரையறையாகப் படிப்பதை நிறுத்திவிட்டு, மேலே எழுதிய அதே 18 எழுத்துகளில் கை வையுங்கள். இரண்டாவது கோடானில் கடைசி சியை டி ஆக்குங்கள். ஜிசியூவும் அலனின்தான், புரதத்தில் ஒன்றும் மாறவில்லை. நான்காவது கோடானில் கடைசி ஜியை ஏ ஆக்குங்கள். யூஜிஜி, யூஜிஏ ஆகிவிட்டது, மூன்று அமினோ அமிலத்தோடு சங்கிலி முடிந்துபோனது. இப்போது நான்காவது எழுத்தான ஜியை மட்டும் முழுதாக நீக்கிவிட்டு மூன்று மூன்றாக மறுபடி பிரியுங்கள்: ஏயூஜி, சிசிசி, யூஜியூ, ஜிஜிஏ, யூஜிசி. மெத்தியோனினுக்குப் பிறகு புரோலின், சிஸ்டீன், கிளைசின், சிஸ்டீன் என்று எல்லாமே வேறு. ஒரு எழுத்துக்குப் பதிலாக மூன்று எழுத்துகளைச் சேர்த்து நீக்கியிருந்தால்? அதை நீங்களே செய்து பாருங்கள், சட்டக மாற்றம் என்றால் என்ன என்பது அப்புறம் மறக்காது.

ஒரு அமினோ அமிலம் மட்டும் மாறினால் என்ன ஆகிவிடப்போகிறது என்று நினைப்பவர்கள் கதிர் அரிவாள் இரத்தசோகையைப் பார்க்க வேண்டும். அங்கே பீட்டா குளோபின் மரபணுவில் ஜிஏஜி என்பது ஜிடிஜி ஆகிறது, குளூட்டாமிக் அமிலம் இருக்க வேண்டிய இடத்தில் வேலின் வருகிறது. மின்சுமை உள்ள, நீரை விரும்பும் ஒரு பக்கச் சங்கிலி போய் நீரை வெறுக்கும் ஒன்று புரதத்தின் வெளிப்பரப்பில் உட்காருகிறது. ஆக்சிஜன் குறைந்த நிலையில் ஹீமோகுளோபின் மூலக்கூறுகள் அந்த இடத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நீண்ட இழைகளாகின்றன, சிவப்பணு வளைகிறது. இதைப் புரிந்துகொள்ள 20 அமினோ அமிலங்களின் வாய்பாடுகளும் தேவையில்லை. எது மின்சுமை உள்ளது, எது நீரை வெறுப்பது என்று மூன்று நான்கு கூட்டமாகப் பிரித்துவைத்துக்கொண்டாலே போதும்.

உட்கருவிலிருந்து வெளியே

முதலில் உருவாகும் ஆர்.என்.ஏ. அப்படியே வெளியே போவதில்லை. இன்சுலின் மரபணுவில் மூன்று எக்ஸான்கள், நடுவே இரண்டு இன்ட்ரான்கள். இன்ட்ரான்கள் வெட்டப்பட்டு எக்ஸான்கள் இணைக்கப்படுகின்றன, 5' முனையில் ஒரு தொப்பியும் 3' முனையில் ஏ எழுத்துகளின் நீண்ட வாலும் சேர்கின்றன. இவ்வளவும் உட்கருவுக்குள் நடக்கிறது. அப்புறம்தான் உட்கருத் துளை வழியாக சைட்டோபிளாசத்துக்கு வருகிறது. பாக்டீரியாவில் உட்கரு உறை இல்லை, அதனால் படியெடுத்தல் நடந்துகொண்டிருக்கும்போதே அதே ஆர்.என்.ஏ.வில் ரைபோசோம் ஏறி வேலையைத் தொடங்கிவிடும். புரோகேரியோட்டுக்கும் (உட்கரு இல்லாத பாக்டீரியா போன்றவை) யூகேரியோட்டுக்கும் (உட்கரு உள்ளவை) வித்தியாசம் எழுதச் சொன்னால் உட்கரு இல்லை என்று ஒரு வரியில் நிறுத்திவிடாமல் அதன் விளைவாக இதையும் எழுதுங்கள்.

சைட்டோபிளாசத்தில் ஒரு ரைபோசோம் தூது ஆர்.என்.ஏ.வைப் பிடித்துப் படிக்கத் தொடங்குகிறது. ஒவ்வொரு கோடானுக்கும் பொருந்தும் எதிர்க்கோடான் உள்ள டி.ஆர்.என்.ஏ. வருகிறது, கையில் உரிய அமினோ அமிலத்தோடு. இங்கே பலர் கவனிக்காமல் விடும் ஒரு விஷயம்: டி.ஆர்.என்.ஏ. கொண்டுவந்த அமினோ அமிலம் சரியானதுதானா என்று ரைபோசோம் சரிபார்ப்பதில்லை, கோடானும் எதிர்க்கோடானும் பொருந்துகின்றனவா என்பதைத்தான் பார்க்கிறது. சரியான அமினோ அமிலத்தைச் சரியான டி.ஆர்.என்.ஏ.வில் மாட்டுவது வேறு நொதிகளின் வேலை, அமினோஅசைல் டி.ஆர்.என்.ஏ. சின்தடேஸ் என்று நீளமான பெயர். மரபணுக் குறியீடு உண்மையில் அமலாவது அந்த நொதிகளில்தான். என்னைக் கேட்டால் இந்தப் பாடத்தில் தகுதிக்குக் குறைவாகக் கவனிக்கப்படும் மூலக்கூறுகள் இவைதான். ஆற்றல் கேள்வியையும் இங்கே கேளுங்கள். ஒரு அமினோ அமிலத்தைச் சேர்க்க உயர் ஆற்றல் பாஸ்பேட் பிணைப்புகள் நான்கு செலவாகின்றன, இரண்டு டி.ஆர்.என்.ஏ.வில் மாட்டும்போது, இரண்டு ரைபோசோமில். செல்லின் செலவுகளில் புரதம் செய்வது ஏன் மிகப் பெரிய ஒன்று என்பது இதிலிருந்தே தெரியும்.

முகவரி எப்படித் தெரிகிறது

முழுச் சங்கிலியில் 110 அமினோ அமிலங்கள், ஆனால் முழுதாக முடியும் வரை காத்திருப்பதில்லை. முதல் 24 அமினோ அமிலங்கள் ரைபோசோமிலிருந்து வெளியே வரும்போதே ஒரு அடையாளம் காணும் துகள் வந்து அதைப் பிடித்துக்கொள்கிறது, மொழிபெயர்ப்பு சற்று நிற்கிறது, ரைபோசோம் முழுவதும் எண்டோபிளாச வலைப்பின்னலின் சவ்வுக்கு இழுத்துவரப்படுகிறது, அங்கே ஒரு துளை வழியாகச் சங்கிலி உள்ளே தள்ளப்பட்டபடியே மீதி மொழிபெயர்ப்பு தொடர்கிறது. அந்த முதல் 24 அமினோ அமிலங்கள்தான் சமிக்ஞைப் பகுதி, உள்ளே போனதும் அது வெட்டி எறியப்படுகிறது. புரதங்களுக்குள்ளேயே அவை போக வேண்டிய இடத்தின் அடையாளம் இருக்கிறது என்று காட்டியதற்காக குந்தர் புளோபெலுக்கு 1999இல் நோபல் பரிசு கிடைத்தது.

ஆகவே சொரசொரப்பான எண்டோபிளாச வலைப்பின்னலில் ஒட்டியிருப்பது ஒரு தனி வகை ரைபோசோம் என்று நினைக்காதீர்கள். சைட்டோபிளாசத்தில் மிதப்பதும் அங்கே ஒட்டியிருப்பதும் ஒரே ரைபோசோம்கள்தான், எந்தத் தூது ஆர்.என்.ஏ.வைப் படிக்கிறது என்பதைப் பொறுத்து இடம் மாறுகிறது. வெளியே சுரக்க வேண்டியவை, சவ்வில் பதிய வேண்டியவை, லைசோசோமுக்குப் (செல்லின் செரிமானப் பைக்கு) போக வேண்டியவை இந்த வழியாகப் போகின்றன. உட்கருவுக்கும் மைட்டோகாண்ட்ரியாவுக்கும் போக வேண்டிய புரதங்களில் பெரும்பாலானவை மிதக்கும் ரைபோசோமில் முழுதாக முடிந்த பிறகு போகின்றன. நான்காவது கேள்வியை இங்கே கேளுங்கள்: சமிக்ஞைப் பகுதிக்கு உரிய எழுத்துகள் மரபணுவில் அழிந்துவிட்டால்? சங்கிலி உருவாகும், ஆனால் சைட்டோபிளாசத்திலேயே நின்றுவிடும், வெளியே வராது.

உள்ளே வந்த சங்கிலியில் இப்போது 86 அமினோ அமிலங்கள், பெயர் புரோஇன்சுலின். எண்டோபிளாச வலைப்பின்னலின் உட்பகுதியில் அது மடிகிறது, சிஸ்டீன்களுக்கு இடையே மூன்று டைசல்பைடு பிணைப்புகள் (இரண்டு கந்தக அணுக்களுக்கு இடையிலான பிணைப்புகள்) உருவாகின்றன. சைட்டோபிளாசத்தின் வேதிச்சூழல் இந்தப் பிணைப்புகளுக்கு ஒத்துவராது, எண்டோபிளாச வலைப்பின்னலுக்குள் ஒத்துவரும். செல்லுக்குள் எதற்கு இத்தனை அறைகள் என்ற கேள்விக்கு இதுவும் ஒரு பதில். அங்கிருந்து நுண்பைகளில், புரதங்களைப் பிரித்து அனுப்பும் கோல்கை உறுப்புக்கு, கோல்கையிலிருந்து சுரப்புத் துகள்களுக்கு. துகள்களில் நொதிகள் நடுவிலிருந்து ஒரு துண்டை வெட்டி எடுக்கின்றன. மிஞ்சுவது 21 அமினோ அமிலம் உள்ள ஏ சங்கிலியும் 30 உள்ள பி சங்கிலியும், டைசல்பைடு பிணைப்புகளால் பிடிக்கப்பட்டு. மொத்தம் 51, இதுதான் இன்சுலின். ஒரு புரதத்தின் அமினோ அமில வரிசையை முதன்முதலில் முழுமையாகக் கண்டறிந்தது இதில்தான், செய்தவர் பிரெடரிக் சாங்கர், 1958இல் வேதியியல் நோபல் பெற்றார்.

வெட்டி எடுத்த நடுத்துண்டில் 31 அமினோ அமிலங்கள், பெயர் சி பெப்டைடு. அது வீணாகப் போவதில்லை, இன்சுலினோடு சேர்ந்து இரத்தத்துக்கு வருகிறது. ஊசியில் போடும் இன்சுலினில் இது இருக்காது. ஆகவே ஒருவருடைய கணையம் தானாக இன்சுலின் சுரக்கிறதா என்று அறிய மருத்துவர்கள் சி பெப்டைடை அளக்கிறார்கள். ஒரு வெட்டு எங்கே விழுகிறது என்று தெரிந்தால் ஒரு இரத்தப் பரிசோதனையின் காரணமே புரிந்துவிடுகிறது.

மைட்டோகாண்ட்ரியா இங்கேதான் வர வேண்டும்

"செல்லின் ஆற்றல் நிலையம்" என்று எழுதிவிட்டு அடுத்த உறுப்புக்குப் போய்விடும் பழக்கம் எனக்குப் பிடிக்காது. இன்சுலின் துகள்கள் தயாராகிவிட்டன, ஆனால் சாப்பிட்ட பிறகுதான் வெளியே போக வேண்டும். சர்க்கரை ஏறிவிட்டது என்று பீட்டா செல்லுக்கு எப்படித் தெரியும்? குளுக்கோஸ் உள்ளே வருகிறது, கிளைக்காலிசிஸ் (சைட்டோபிளாசத்தில் நடக்கும் குளுக்கோஸ் சிதைவு) வழியாகவும் பிறகு மைட்டோகாண்ட்ரியாவிலும் உடைபடுகிறது, செல்லின் ஆற்றல் நாணயமான ஏ.டி.பி.யின் அளவு கூடுகிறது. செல் சவ்வில் ஏ.டி.பி. வந்து ஒட்டினால் மூடிக்கொள்ளும் ஒரு பொட்டாசியம் வாயில் இருக்கிறது. அது மூடியதும் பொட்டாசியம் வெளியேறுவது நின்று சவ்வின் மின்னழுத்தம் மாறுகிறது, அதனால் கால்சியம் வாயில்கள் திறக்கின்றன, கால்சியம் உள்ளே பாய்கிறது, துகள்கள் செல் சவ்வோடு இணைந்து இன்சுலினை வெளியே கொட்டுகின்றன.

இந்த ஒரு சங்கிலியில் சுவாசித்தல், ஏ.டி.பி., அயனி வாயில்கள், சவ்வு மின்னழுத்தம், செல்லிலிருந்து வெளியேற்றம் என்று ஐந்து பாடங்கள் இருக்கின்றன. மைட்டோகாண்ட்ரியா இங்கே ஆற்றல் கொடுப்பதோடு நிற்கவில்லை, சர்க்கரை எவ்வளவு இருக்கிறது என்ற செய்தியையும் கொண்டுபோகிறது. நான்காவது கேள்வி: அந்தப் பொட்டாசியம் வாயில் மூடவே மூடாமல் போனால்? துகள்கள் நிறைய இருந்தும் இன்சுலின் வெளியே வராது. பிறந்த சில மாதங்களிலேயே வரும் ஒரு வகை நீரிழிவுக்கு இது உண்மையான காரணம். சல்போனைல்யூரியா வகை நீரிழிவு மாத்திரைகள் செய்வதும் அந்த வாயிலை மூடுவதைத்தான்.

வெளியே வந்த இன்சுலின் தசை, கொழுப்பு செல்களின் ஏற்பியில் ஒட்டுகிறது, அங்கே உள்ளே நுண்பைகளில் காத்திருக்கும் குளுக்கோஸ் கடத்திகள் சவ்வுக்கு வருகின்றன, குளுக்கோஸ் உள்ளே போகிறது. சமிக்ஞைப் பாதையின் நடுவில் வரும் பெயர்களை முதல் சுற்றில் விட்டுவிடலாம். இன்சுலின் தசை செல்லுக்குள் போய் வேலை செய்வதில்லை, வெளியே நின்றபடி ஏற்பி வழியாகச் செய்தி சொல்கிறது என்பது தெளிவாக இருந்தால் போதும்.

இந்தப் பாதையில் வராதது: செல் பகுப்பு

ஒரு புரதத்தின் பயணம் எல்லாவற்றையும் காட்டாது. செல் பகுப்பைத் தனியாகத்தான் படிக்க வேண்டும், அதில் எல்லோரும் தடுமாறுவது எண்ணிக்கையில். ஒரே விதி: குரோமோசோமை எண்ண வேண்டுமானால் சென்ட்ரோமியரை (இரட்டித்த இரண்டு பிரதிகளும் இணைந்திருக்கும் இடத்தை) எண்ணுங்கள். அந்தப் பிரதி ஒவ்வொன்றும் ஒரு குரோமாட்டிடு. மனித செல்லில் 46 குரோமோசோம்கள். டி.என்.ஏ. இரட்டிப்பாகி முடிந்ததும் டி.என்.ஏ.வின் அளவு இரண்டு மடங்கு, குரோமாட்டிடுகள் 92, ஆனால் சென்ட்ரோமியரில் இணைந்திருப்பதால் குரோமோசோம் எண்ணிக்கை இன்னமும் 46தான். மைட்டாசிஸின் அனாபேஸில் அவை பிரிந்ததும் கொஞ்ச நேரம் அந்த ஒரு செல்லில் 92 குரோமோசோம்கள். மியாசிஸ் முதல் பகுப்பு முடிந்ததும் ஒவ்வொரு செல்லிலும் 23, ஒவ்வொன்றிலும் இரண்டு குரோமாட்டிடுகள். இரண்டாம் பகுப்புக்குப் பிறகு 23, ஒவ்வொன்றிலும் ஒன்று. குரோமோசோம் எண்ணிக்கை பாதியாவது முதல் பகுப்பில்.

46ஐ வரைந்துகொண்டு உட்காராதீர்கள். இரண்டு இணைகள் போதும், அம்மாவிடமிருந்து வந்ததற்கு ஒரு நிறம், அப்பாவிடமிருந்து வந்ததற்கு ஒரு நிறம். மியாசிஸின் முதல் பகுப்பில் இணைகள் வரிசையில் நிற்பதற்கு எத்தனை வழிகள் என்று வரைந்து பாருங்கள். அப்போதுதான் மெண்டலின் மரபுவழி விதிகள் மேலிருந்து விழுந்தவை மாதிரித் தெரியாது.

சோதனைகளை ஆண்டு வைத்துப் படிக்காதீர்கள்

1928 கிரிஃபித், 1944 ஏவரி, 1952 ஹெர்ஷி–சேஸ், 1958 மெசெல்சன்–ஸ்டால் என்ற டி.என்.ஏ. சோதனைகளின் பட்டியல் ஒரு மதிப்பெண்ணுக்கு உதவும். அதைவிட ஒவ்வொரு சோதனைக்கும், எந்த இரண்டு வாய்ப்புகளில் எது உண்மை என்று கேட்டார்கள், இது உண்மையானால் என்ன தெரியும், அது உண்மையானால் என்ன தெரியும் என்று இரண்டு வரி எழுதிவைப்பது நல்லது. ஹெர்ஷியும் சேஸும் கேட்டது, பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ் உள்ளே அனுப்புவது டி.என்.ஏ.வா புரதமா என்று. ஏன் கதிரியக்கம் உள்ள பாஸ்பரஸ் 32, கந்தகம் 35 இரண்டையும் தேர்ந்தெடுத்தார்கள்? டி.என்.ஏ.வில் பாஸ்பரஸ் உண்டு, கந்தகம் கிடையாது. புரதத்தில் மெத்தியோனினிலும் சிஸ்டீனிலும் கந்தகம் உண்டு. ஏன் கார்பனையோ நைட்ரஜனையோ எடுக்கவில்லை? இரண்டிலுமே அவை இருக்கின்றன, எதுவும் தெரிந்திருக்காது. இந்தக் கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்ல முடிந்தால் சோதனை உங்களுக்குப் புரிந்துவிட்டது.

ஆய்வகத் தொழில்நுட்பங்களையும் இப்படியே அணுகுங்கள். டி.என்.ஏ.வைப் பல மடங்கு பிரதியெடுக்கும் பி.சி.ஆரில் சுமார் 95 டிகிரி செல்சியஸில் இழைகள் பிரிகின்றன, 50 முதல் 65க்குள் பிரைமர்கள் (குட்டித் தொடக்க இழைகள்) ஒட்டுகின்றன, 72இல் பாலிமரேஸ் நீட்டுகிறது. பிரைமர் எதற்கு? டி.என்.ஏ. பாலிமரேஸால் ஒன்றுமில்லாத இடத்திலிருந்து தொடங்க முடியாது, ஏற்கனவே உள்ள 3' முனையில்தான் சேர்க்கும். சாதாரண நொதி 95 டிகிரியில் கெட்டுவிடும், அதனால் வெந்நீர் ஊற்றுகளில் வாழும் பாக்டீரியாவின் நொதி. 30 சுழற்சிகளில் ஒரு மூலக்கூறு கோட்பாட்டளவில் சுமார் 107 கோடி ஆகிறது, 2ஐ 30 முறை பெருக்கிப் பாருங்கள். துண்டுகளை அளவுப்படி பிரிக்கும் ஜெல்லில் டி.என்.ஏ. நேர்மின் முனை நோக்கி ஓடுவது பாஸ்பேட்டின் எதிர்மின்சுமையால், சின்னத் துண்டு வேகமாகப் போவது ஜெல்லின் வலை அதைக் குறைவாகத் தடுப்பதால். டி.என்.ஏ. இல்லாத ஒரு கட்டுப்பாட்டுக் குழாயையும் கூடவே ஓட்ட வேண்டும், அதிலும் பட்டை வந்தால் கரைசல் ஏதோ மாசுபட்டிருக்கிறது, மற்ற முடிவுகளையும் நம்ப முடியாது.

வெற்றுத் தாள்

மேலே உள்ளதைப் படித்தால் புரிந்த மாதிரி இருக்கும், அந்த உணர்வை நம்பாதீர்கள். புத்தகத்தை மூடிவிட்டு ஒரு பெரிய வெற்றுத் தாளில் 11ஆம் குரோமோசோமில் தொடங்கி இரத்தம் வரை அம்புக்குறிகளால் வரையுங்கள். ஒவ்வொரு அம்பின் மேலும் எது நகர்கிறது, எந்த நொதி அல்லது துகள் நகர்த்துகிறது என்று எழுதுங்கள். திணறும் இடத்தைக் காலியாக விட்டுவிட்டு மேலே போங்கள், முடித்த பிறகு வேறு நிற மையில் நிரப்புங்கள். ஓரிரண்டு நாள் கழித்து மறுபடி புதுத் தாள். குறிப்பை நான்கு நிறத்தில் அடிக்கோடிடுவதைவிட இது பல மடங்கு பலன் தரும், கொஞ்சம் எரிச்சலாகவும் இருக்கும்.

வரைய வந்துவிட்டது என்றால் இந்தக் கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள். மனித இன்சுலின் மரபணுவை 11ஆம் குரோமோசோமிலிருந்து அப்படியே வெட்டி எடுத்து ஒரு பாக்டீரியாவுக்குள் வைத்தால் இன்சுலின் கிடைக்குமா?

கிடைக்காது, காரணம் ஒன்றில்லை, பல. மனித மரபணுவின் ஊக்கியை பாக்டீரியாவின் ஆர்.என்.ஏ. பாலிமரேஸ் அடையாளம் காணாது. அதை மாற்றிக்கொடுத்தாலும் இன்ட்ரானை வெட்டி எடுக்கும் அமைப்பு அங்கே இல்லை, இரண்டாவது இன்ட்ரான் சி பெப்டைடுக்கு உரிய பகுதியின் நடுவில் நிற்கிறது, அதனால் ரைபோசோம் இன்ட்ரானையும் சேர்த்துப் படித்து வேறு எதையோ செய்து வைக்கும். இன்ட்ரான் இல்லாத பிரதியைக் கொடுத்தாலும் புரோஇன்சுலினை வெட்டும் நொதிகள் இல்லை, சுரப்புத் துகளும் இல்லை. 1978இல் கலிபோர்னியாவில் இதைச் செய்து காட்டியவர்கள் இத்தனை சிக்கலையும் சுற்றிக்கொண்டு போனார்கள். ஏ சங்கிலிக்கும் பி சங்கிலிக்கும் தனித்தனியாக டி.என்.ஏ.வை வேதிமுறையில் செய்து, பாக்டீரியாவின் ஊக்கியோடு சேர்த்து, இரண்டு வெவ்வேறு ஈ. கோலை பாக்டீரியா வகைகளில் வைத்து, வந்த இரண்டு சங்கிலிகளையும் பிரித்தெடுத்துச் சோதனைக் குழாயில் டைசல்பைடு பிணைப்புகளால் இணைத்தார்கள். 1982இல் அது மருந்தாக அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அவர்கள் சுற்றிப்போன ஒவ்வொரு இடத்தையும் உங்கள் தாளில் எந்த அம்பு என்று குறித்துப் பாருங்கள், எந்த அம்பில் தயங்குகிறீர்களோ அந்தப் பகுதியை இன்று மறுபடி படியுங்கள்.